வாசகர் கேள்வி பதில்: தியரி படிச்சா படம் பார்க்கிற சுகம் போயிடுமா?

சினிமா தியரி பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய கேள்வி வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டோம். சில பதில் நீளமா போயிடுச்சு, அந்த விஷயம் அப்படி.

சார், நான் சினிமா படிப்பு முதல் வருஷம். ஃபார்மலிசம், ரியலிசம், ஆட்டர் தியரி, செமியாட்டிக்ஸ், சைக்கோஅனலிசிஸ், ஃபெமினிசம்னு சிலபஸ்ல வரிசையா இருக்கு. எல்லாத்துக்கும் டெஃபனிஷன் மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா ஒரு படத்தை முன்னாடி வெச்சா ஒரு வரி எழுத வரல. என்ன பண்றது?

மனப்பாடம் பண்ணதை கொஞ்ச நாள் ஓரமா வைங்க. இந்த லிஸ்ட்ல இருக்கிற எந்த ஸ்கூலும், வாங்க ஒரு தியரி எழுதலாம்னு சும்மா உக்காந்து எழுதினது கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி யாரோ ஒருத்தரோட தூக்கத்தை கெடுத்த ஒரு கேள்வி இருக்கு, அந்த கேள்வியை புடிச்சிட்டீங்கன்னா தியரி தானா புடிபடும்.

ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க்னு ஒருத்தர், ஜெர்மன்காரர், ஹார்வர்ட்ல சைக்காலஜி ப்ரொஃபசர், 1916ல சினிமா பத்தி ஒரு முழு புத்தகமே எழுதினாரு. அப்போ படிச்சவங்க பல பேரு, நடிக்கிறதை மிஷின் வெச்சு காப்பி எடுக்கிறாங்க, இதுல கலை எங்க இருக்குன்னு கேட்டுட்டு இருந்த நேரம். அவரு சொன்ன பதில் இன்னிக்கு படிச்சாலும் புதுசா இருக்கு: க்ளோசப் வரும்போது நம்ம மனசு கவனம்னு ஒண்ணு பண்ணுதே அந்த வேலையை திரையே பண்ணிடுது, ஃப்ளாஷ்பேக் வரும்போது நினைவோட வேலையை திரை பண்ணுது, அதுனால சினிமா வெளி உலகத்தை காப்பி எடுக்கல, மனசு வேலை செய்ற விதத்துல உலகத்தை திருப்பி அடுக்குது.

அப்புறம் ருடால்ஃப் ஆர்ன்ஹைம், 1932. பேசும் படம் வந்து சில வருஷம் தான் ஆகுது, எல்லாரும் ஆஹா இப்போ தான் சினிமா முழுமை ஆச்சுன்னு கொண்டாடுறாங்க, இவரு மட்டும் வேணாம்ங்கிறாரு. கலரு இல்ல, சத்தம் இல்ல, ஆழம் இல்ல, ஃப்ரேமுக்கு வெளியில ஒண்ணும் தெரியாது, இந்த குறை எல்லாம் தான் சினிமாவுக்கு மூலதனம்னு அவரோட வாதம். அவரு காட்டுற ஒரு உதாரணம் சாப்ளினோட 1917 படம் ஒண்ணுலேர்ந்து. கப்பல் ஆடுது, பயணிகள் எல்லாரும் வாந்தி வர்ற நிலைமையில இருக்காங்க, சாப்ளின் முதுகு மட்டும் நமக்கு தெரியுது, கம்பிக்கு வெளியில குனிஞ்சு உடம்பு உதறுது, பாவம் இவனுக்கும் வந்துடுச்சுன்னு நினைக்கிறோம், சட்டுனு நிமிர்ந்து திரும்பினா கையில ஒரு மீன்! கேமராவை கடல் பக்கம் வெச்சிருந்தா இந்த ஷாட்ல ஒண்ணுமே இல்ல. ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் தான் பார்க்க முடியும்ங்கிற அந்த ஒரு கட்டுப்பாடு தான் முழு காமெடியையும் உண்டாக்குது. நீங்க ஃபார்மலிசம்னு மனப்பாடம் பண்ணது இது தான்.

இப்போ உங்களுக்கு புடிச்ச படத்துலேர்ந்து மூணு நிமிஷ சீன் ஒண்ணு எடுத்துக்கோங்க, ஆர்ன்ஹைமோட கேள்வியை மட்டும் அது கிட்ட கேளுங்க: கேமரா வேற இடத்துல இருந்திருந்தா இங்க என்ன தொலைஞ்சிருக்கும்? அந்த பதிலை எழுதுங்க. ஒரு பக்கம் தாராளமா வரும்.

குலெஷோவ் எஃபெக்ட்னு யூடியூப்ல ஒரு வீடியோ சுத்துதே, ஒரே முகம், ஒரு தடவை சூப், ஒரு தடவை சவப்பெட்டி. அது நிஜமான பரிசோதனையா?

ஒரே முகத்தோட வேற வேற ஷாட்டை ஒட்டினா, பார்க்கிறவங்களுக்கு அந்த முகத்துல பசி, சோகம்னு வேற வேற உணர்ச்சி தெரியும்ங்கிறது தான் அது. பரிசோதனை நடந்ததுன்னு ரஷ்ய டைரக்டர் குலெஷோவும் சொல்லியிருக்காரு, அவரோட மாணவர் புடோவ்கினும் எழுதியிருக்காரு, ஆனா ரெண்டு பேரும் சொல்ற விவரம் ஒத்துப் போகல. சூப் தட்டும் சவப்பெட்டியும் ஓகே, மூணாவது ஷாட் பொம்மையோட விளையாடுற குழந்தையா இல்ல ஒரு பெண்ணாங்கிறதுலயே குழப்பம். ஒரிஜினல் ஃபிலிம் நமக்கு கிடைக்கல, நீங்க பார்க்கிற வீடியோ எல்லாம் பின்னாடி வந்தவங்க செஞ்சது. அந்த முகம் இவான் மோஸ்ஜுகின்னு அந்த காலத்து பெரிய ஸ்டார், பழைய ஃபுட்டேஜ்லேர்ந்து எடுத்தாங்கன்னு சொல்வாங்க.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இது எந்த சூழ்நிலையில நடந்ததுங்கிறது தான். புரட்சி முடிஞ்ச ரஷ்யா, 1919ல மாஸ்கோவுல ஃபிலிம் ஸ்கூல் ஆரம்பிக்கிறாங்க, ஆனா படம் எடுக்க ஃபிலிமே கிடையாது. என்ன பண்ணுவாங்க, ஃபிலிம் இல்லாமலே மேடையில ஷாட் ஷாட்டா நடிச்சு ஒத்திகை பார்த்தாங்க, அமெரிக்க டைரக்டர் க்ரிஃபித்தோட படத்தை பிரிச்சு எங்க வெட்டியிருக்காரு ஏன் வெட்டியிருக்காருன்னு ஆராய்ச்சி பண்ணாங்க, கையில இருந்த பழைய துண்டுகளை மாத்தி மாத்தி ஒட்டிப் பார்த்தாங்க. புதுசா எடுக்க முடியாதவங்க ஒட்டுறதுலயே மொத்த கவனத்தையும் வெச்சாங்க, அதுலேர்ந்து தான் எடிட்டிங் தான் சினிமாவோட உயிருன்னு ஒரு பெரிய தியரியே கிளம்புச்சு. வறுமை ஒரு தியரிக்கு இந்த அளவுக்கு வடிவம் குடுத்ததை வேற எங்கயும் நான் பார்க்கல.

ஐசன்ஸ்டைன் சரியா, ஆந்த்ரே பஸான் சரியா? க்ளாஸ்ல டிபேட் வெச்சாங்க, ரெண்டு பக்கமும் கத்தினதோட முடிஞ்சிடுச்சு.

கத்துறதுக்கு முன்னாடி ரெண்டு சீனை பக்கத்துல பக்கத்துல போட்டு பார்த்திருக்கலாம். சரி, இங்க பார்ப்போம்.

சோவியத் டைரக்டர் ஐசன்ஸ்டைனுக்கு ஷாட்டும் ஷாட்டும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற விஷயம் இல்ல, அது புடோவ்கின் சொன்னது. இவருக்கு ஷாட்டும் ஷாட்டும் மோதணும், மோதினா ரெண்டுலயும் இல்லாத மூணாவது அர்த்தம் ஒண்ணு பார்க்கிறவன் மண்டைக்குள்ள பொறக்கணும். 1925ல வந்த பொட்டெம்கின் படத்துல, ஒடெசா படிக்கட்டுல ஜனங்களை சுட்டுத் தள்ளின பிறகு கப்பல் பதிலுக்கு குண்டு போடுது, அப்போ மூணு கல் சிங்கம் வருது. ஒண்ணு தூங்குது, ஒண்ணு கண்ணு முழிக்குது, ஒண்ணு எழுந்து நிக்குது. மூணும் தனித்தனி சிலை, க்ரைமியாவுல அலுப்கா அரண்மனையில இருக்கு, வேகமா வெட்டினதும் ஒரே சிங்கம் துள்ளி எழுந்த மாதிரி இருக்கு, கல்லே பொறுக்க முடியாம எழுந்துடுச்சுன்னு நமக்கு தோணுது. அந்த எழுச்சி எந்த ஒரு ஷாட்லயும் கிடையாது.

பஸான் இன்னொரு கோடி. ஃப்ரெஞ்சு விமர்சகர், 1918ல பொறந்து 1958ல நாப்பது வயசுலயே இறந்துட்டாரு, 1951ல கஹியே து சினிமா பத்திரிகையை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவரோட பயம் என்னன்னா, இப்படி அர்த்தத்தை வெட்டி வெட்டி ஊட்டினா பார்க்கிறவனுக்கு என்ன வேலை? நிஜத்துல ஒரு சம்பவம் நடக்கும்போது அதுல பல விஷயம் ஒண்ணா இருக்கும், எதை பார்க்கிறதுன்னு நாம தானே தேடுறோம், அந்த தேடலை திரையும் மதிக்கணும்னு சொன்னாரு.

அவரு நுணுக்கமா எழுதின ஒரு சீனை சொல்றேன். வில்லியம் வைலர் டைரக்ட் பண்ண 1946 படம், போர் முடிஞ்சு வீடு திரும்புற மூணு பேரோட கதை, கேமரா க்ரெக் டோலண்ட். ஒரு பார். முன்னாடி பியானோ, ரெண்டு கையும் போன ஹோமர் இரும்பு கொக்கியால வாசிக்கிறான், பக்கத்துல அவன் மாமா. அந்த நடிகர் ஹரால்ட் ரஸ்ஸல் நிஜமாவே ராணுவ பயிற்சியில கை போனவரு, அதுனால நம்ம கண்ணு அந்த கொக்கியை விட்டு நகரவே நகராது. பியானோ கிட்ட, அந்த மூணு பேர்ல இன்னொருத்தரான ஆல் நின்னு பார்த்துட்டு இருக்காரு. ரொம்ப தூரத்துல, ஃப்ரேமோட மூலையில, சின்னதா ஒரு டெலிஃபோன் பூத், அதுக்குள்ள மூணாவது ஆள் ஃப்ரெட். அவன் ஆலோட பொண்ணு கூட இருந்த பழக்கத்தை முறிச்சுக்கிறேன்னு அவளுக்கு ஃபோன் பண்ணிட்டு இருக்கான், ஆல் கேட்டதால தான் பண்றான். அவன் பேசுறது நமக்கு கேக்காது, கேக்கிறது பியானோ மட்டும் தான். கதையோட திருப்பம் முழுசும் அந்த மூலையில நடக்குது, ஆல் அப்பப்போ திரும்பி அந்த பூத்தை பார்க்கிறாரு, அவரு பார்வை போற வழியில நம்ம பார்வையும் போகுது, திரும்பி பியானோவுக்கு வருது, மறுபடி போகுது. சாதாரணமா எடுத்திருந்தா ஃபோன்ல பேசுற முகத்துக்கு ஒரு க்ளோசப், கண்ணீர், கட். இங்க அந்த வேதனையை நாமளே தேடிப் போய் பார்க்கிறோம், அதுனால அது நம்மளோடதா ஆகுது.

என் கருத்தை கேட்டா, பஸான் சொன்ன சுதந்திரம் அவரு சொன்ன அளவுக்கு சுதந்திரம் இல்ல. ஆலோட பார்வை நம்மளை கயிறு கட்டி இழுக்குது, நடுவுல ஆலை கிட்டத்துல காட்டுற ஷாட்டும் வருது, வைலர் எங்க பார்க்கணும்னு நமக்கு சொல்லிட்டு தான் இருக்காரு. ஆனாலும் எனக்கு பார்க்க சொல்லிக் குடுத்தது பஸான் தான், அதுல சந்தேகமே இல்ல. ஷாட்டுக்குள்ள நிதானமா சுத்தி வர்ற பழக்கம் அவரைப் படிச்ச யாருக்கும் வந்துடும்.

இன்னொண்ணு, பஸான் எடிட்டிங்கையே எதிர்த்தாருன்னு பரீட்சையில எழுதிடாதீங்க. அவரு சொன்னது எல்லை பத்தி: ஒரு சம்பவத்தோட சாரமே ரெண்டு விஷயம் ஒரே இடத்துல ஒண்ணா இருக்கிறது தான்னா, அங்க வெட்டக்கூடாது. சாப்ளின் சிங்கக் கூண்டுக்குள்ள மாட்டிக்கிற சீன்ல சிங்கமும் சாப்ளினும் ஒரே ஃப்ரேம்ல இருந்தா தான் பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். தனித்தனியா வெட்டிக் காட்டினா நாம நம்பவே மாட்டோம்.

ஆட்டர் தியரி படி படம் டைரக்டரோடது. அப்போ எடிட்டர், கேமராமேன், ரைட்டர் எல்லாம் யாரு?

நியாயமான கோபம். ஆனா அந்த வாதம் எதுக்கு எதிரா வந்ததுன்னு பாருங்க. 1954 ஜனவரியில இருபத்தோரு வயசு விமர்சகர் ட்ரூஃபோ கஹியேல ஒரு கட்டுரை எழுதினாரு. அப்போ ஃப்ரெஞ்சு சினிமாவுல நாவலை எடுத்து பெரிய ரைட்டருங்க திரைக்கதை எழுதி குடுப்பாங்க, டைரக்டர் அதுக்கு அழகா படம் சேர்ப்பாரு, தரமான படம்னு பேரு. ட்ரூஃபோ அதை போட்டுத் தாக்கினாரு. அதே கூட்டம் தான் ஹாலிவுட்ல கம்பெனி சம்பளத்துக்கு வேலை பார்த்த ஹிட்ச்காக்கையும் ஹாக்ஸையும் பெரிய கலைஞர்கள்னு சொன்னது. கதை கம்பெனியோடது, நடிகர் கம்பெனியோடது, ஆனாலும் படத்துக்கு படம் ஒரே ஆளோட கையெழுத்து தெரியுதேன்னாங்க. அந்த காலத்துல இது பெரிய கண் திறப்பு, வெறும் பொழுதுபோக்குன்னு ஒதுக்கினதை எல்லாம் திருப்பி உக்காந்து பார்க்க வெச்சுது.

1962ல விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இதை அமெரிக்காவுக்கு கொண்டு போய் தியரின்னு பேரு வெச்சாரு, டெக்னிக், தனி ஸ்டைல், உள்ளார்ந்த அர்த்தம்னு மூணு வட்டம் போட்டாரு. அடுத்த வருஷமே இன்னொரு விமர்சகர் பாலின் கேல் அந்த வட்டத்தை எல்லாம் கிழிச்சு தொங்க விட்டாங்க. ஆனா முதல் எச்சரிக்கை கஹியே வீட்டுக்குள்ளேர்ந்தே வந்தது, 1957லயே பஸான் தன்னோட பசங்களுக்கு சொன்னாரு, இது தனி மனுஷ வழிபாடா போயிடும், ஹாலிவுட்டை பாராட்டணும்னா அந்த சிஸ்டத்தோட மேதைமையையும் சேர்த்து பாராட்டுங்கன்னு. பின்னாடி ஸ்டூடியோ வரலாறு எழுதினவங்க அந்த இடத்துலேர்ந்து தான் புடிச்சாங்க.

உங்க கேள்விக்கு நேர் பதில்னா, ஆட்டர் தியரி எடிட்டரை மறைச்சது உண்மை, அதுலயும் பெண் எடிட்டர்களை ரொம்பவே மறைச்சுது. சோவியத் டைரக்டர் ஸிகா வெர்டோவோட 1929 படத்தை பத்தி பக்கம் பக்கமா எழுதுறாங்க, அதை வெட்டினது எலிஸவெட்டா ஸ்விலோவா. படத்துக்குள்ளயே அவங்க எடிட்டிங் டேபிள்ல உக்காந்து ஃபிலிமை பிரிக்கிற ஷாட் இருக்கு, ஓடிட்டு இருக்கிற உருவம் எல்லாம் உறைஞ்சு நின்னு ஃபிலிம் துண்டா மாறும், மறுபடி உயிர் வரும். அதைப் பார்த்துட்டும் அவங்க பேரை விட்டுட்டு எழுதுறது எனக்கு பொறுக்கல.

செமியாட்டிக்ஸ் சுத்தமா புரியல. ஷாட்னா வார்த்தை, சீன்னா வாக்கியம், இவ்ளோ தானே?

செமியாட்டிக்ஸ்னா குறிகள் அர்த்தம் குடுக்கிற விதத்தை ஆராயறது. ஷாட் வார்த்தை இல்லைன்னு நிரூபிக்கத் தான் க்ரிஸ்டியன் மெட்ஸ் உக்காந்தாரு. 1964ல எழுதின கட்டுரையில அவரு கேட்டது, சினிமாவை மொழின்னு சொல்றோமே, மொழியியல் அறிஞர் சசூர் சொன்ன அர்த்தத்துல அதுக்கு ஒரு அமைப்பு இருக்கான்னு. வார்த்தைன்னா அகராதியில எண்ணி வெச்சிருக்கு, ஷாட்டை எண்ண முடியாது, ஒவ்வொண்ணும் புதுசா உருவாக்கினது. துப்பாக்கியோட க்ளோசப் துப்பாக்கிங்கிற ஒரு வார்த்தைக்கு சமம் கிடையாது, குறைஞ்சது இதோ ஒரு துப்பாக்கின்னு ஒரு முழு வாக்கியத்தையாவது சொல்லுது. அதுனால கீழ்மட்டத்துல இலக்கணம் தேடாம, ஷாட்டுகள் சேர்ற விதத்துல தேடினாரு, கதைப்படத்துல அப்படி எட்டு வகைன்னு ஒரு பட்டியல் போட்டாரு. அந்த பட்டியலை இன்னிக்கு யாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துறது அபூர்வம், ஆனா ஒரு தடவை உங்க படத்தை அப்படி பிரிச்சுப் பாருங்க, மாறி மாறி வர்ற ரெண்டு ஷாட் ஒரே நேரத்துல நடக்குதா இல்ல வெறும் ஒப்பீடான்னு யோசிக்கும்போது எவ்வளவு விஷயம் நாம கவனிக்காமலே புரிஞ்சிக்கிறோம்னு தெரியும்.

பீட்டர் வோலன் 1969ல அமெரிக்க தத்துவவாதி பர்ஸோட மூணு வகை குறியை சினிமாவுக்கு கொண்டு வந்தாரு: ஒத்திருக்கிறதால குறி, பழக்கத்தால குறி, கால் தடம் மாதிரி தொட்ட தடத்தால குறி. சினிமா மூணையும் சேர்த்து ஆள்றதால தான் பணக்கார ஊடகம்னாரு. இந்த மூணாவதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ டிஜிட்டல் கேள்வியில வேணும்.

மேல் கேய்ஸ்னா ஹீரோயினை கவர்ச்சியா காட்டுறதுன்னு தானே அர்த்தம்? அப்படி காட்டலைன்னா அது இல்லைன்னு சொல்லலாமா மேடம்/சார்?

சொல்ல முடியாது. மேல் கேய்ஸ், அதாவது ஆண் பார்வைன்னு லாரா மல்வி 1975ல ஸ்க்ரீன் பத்திரிகையில எழுதினது அதை விட ஆழமான விஷயம். அவங்க மூணு பார்வையை பிரிக்கிறாங்க: கேமரா பார்க்கிறது, நாம திரையை பார்க்கிறது, கதைக்குள்ள பாத்திரங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறது. ஹாலிவுட் கதைப்படம் முதல் ரெண்டையும் மறைச்சு, மூணாவதுக்குள்ள நம்மளை உக்கார வைக்குது, அந்த மூணாவது பார்வை பெரும்பாலும் கதையை நகர்த்துற ஆணோடது. அவன் பார்க்கிறவன், செய்றவன், அவ பார்க்கப்படுறவ. ஆக, போர்த்திக்கிட்டு நிக்கிற பெண்ணை வெச்சும் இது நடக்கும். யார் கண்ணு வழியா படம் போகுது, யாருக்காக கதை நின்னு நிதானிக்குதுங்கிறது தான் கேள்வி.

ஹிட்ச்காக்கோட வெர்டிகோ, 1958. ரிட்டயர் ஆன டிடெக்டிவ் ஸ்காட்டி ஒரு பெண்ணை பின்தொடர்றான், பூக்கடை, கல்லறை, மியூசியம், பேச்சே கிடையாது, கார் கண்ணாடிக்கு இந்த பக்கம் அவன் முகம், அந்த பக்கம் அவ முதுகு, திரும்பத் திரும்ப இதே தான். அவ என்ன நினைக்கிறான்னு நமக்கு ஒரு துளி கூட தெரியாது. மல்விக்கு இது கச்சிதமான ஆதாரம். ஆனா படத்தோட பிற்பாதியில ஒரு இடம் வருது, ஸ்காட்டி ரூமை விட்டு போனதும் ஜூடி (அவன் பின்தொடர்ந்தது இவளைத் தான், அது அவனுக்கு இன்னும் தெரியாது) நம்ம பக்கம் திரும்புறா, நடந்தது என்னன்னு ஃப்ளாஷ்பேக்ல நமக்கு மட்டும் தெரியுது, அவனுக்கு ஒரு லெட்டர் எழுதி கிழிச்சும் போட்டுடுறா. அதுக்கப்புறம் அவன் இந்த ட்ரெஸ் போடு, முடியை இந்த கலருக்கு மாத்துன்னு வற்புறுத்துற ஒவ்வொரு சீன்லயும் நாம யார் கூட இருக்கோம்? டானியா மொட்லெஸ்கி 1988ல இதைத் தான் புடிச்சு கேட்டாங்க, ஆண் பார்வையை காட்டுற படமே அந்த பார்வை எவ்வளவு கொடூரம்னும் காட்டலையான்னு. எனக்கு ரெண்டு வாசிப்பும் வேணும். மல்வி இல்லைன்னா மொட்லெஸ்கி இந்த கேள்வியை கேட்டிருக்கவே முடியாது.

பெல் ஹூக்ஸ் 1992ல இன்னும் கூர்மையா வந்தாங்க. பார்க்கிறவங்கன்னு பொதுவா சொல்றீங்களே, கறுப்பின பெண் அதுல எங்க? அடிமை காலத்துல வெள்ளைக்காரங்களை நிமிர்ந்து பார்த்ததுக்கே தண்டனை வாங்கின சமூகம், அங்க பார்க்கிறதே ஒரு எதிர்ப்புன்னு எழுதினாங்க. திரையில வெள்ளைப் பெண்ணை ரசிக்கிற ஆணோடயும் சேராம, ரசிக்கப்படுற பெண்ணோடயும் சேராம, தள்ளி நின்னு கேள்வி கேட்டு பார்க்கிற பார்வை ஒண்ணு எப்பவோ இருந்துட்டு தான் இருக்குன்னு அவங்க சொன்னதை பெண்ணிய சினிமா ஆய்வுல தவிர்க்கவே முடியாது.

இருட்டுல படம் பார்க்கிறவனை கண்ணாடி முன்னாடி நிக்கிற குழந்தையோட ஒப்பிடுறாங்க. இதை எப்படி சீரியஸா எடுத்துக்கிறது?

1968 மே மாசம் பாரிஸ்ல மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுல இறங்கினதை ஞாபகம் வெச்சுக்கிட்டு படிங்க. அது அடங்கினதும் எல்லாருக்கும் ஒரே கேள்வி, இவ்வளவு பேரு இறங்கியும் மறுபடி எல்லாம் பழையபடி ஆயிடுச்சே, ஜனங்க தங்களுக்கு எதிரான அமைப்பை எப்படி இயல்பா ஏத்துக்கிறாங்க? மார்க்சிய தத்துவவாதி அல்தூஸர், சைக்கோஅனலிஸ்ட் லக்கான்னு தேடிப் போனது இந்த பதிலுக்காகத் தான். 1970ல ஜான்-லூயி போத்ரி என்ன சொன்னாருன்னா, படத்தோட கதையை விடுங்க, அந்த கருவியே ஒரு சித்தாந்தம் வெச்சிருக்கு, ரினைசன்ஸ் ஓவியத்தோட பர்ஸ்பெக்டிவ் மாதிரி லென்ஸ் உலகத்தை ஒரே கண்ணுக்காக அடுக்குது, ப்ரொஜெக்டர் ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் உள்ள இடைவெளியை மறைக்குது, அசையாம இருட்டுல உக்காந்தவன் தான் தான் உலகத்தோட மையம்னு நம்புறான்னு. கண்ணாடியில தன்னை முழுசா பார்த்து மகிழ்ற லக்கானோட குழந்தை உள்ள வர்றது இப்படித் தான்.

கேள்வி பெருசு, பதில் பலவீனம், இது என் கருத்து. எல்லா பார்வையாளரும் ஒரே மாதிரி கட்டுண்டு கிடக்கிறாங்கன்னா ஒருத்தர் அழற இடத்துல இன்னொருத்தர் சிரிக்கிறாரே? 1985ல டேவிட் போர்ட்வெல், பார்க்கிறவன் சும்மா உக்காந்திருக்கல, ஒவ்வொரு நொடியும் அடுத்து என்னன்னு ஊகிச்சு சரிபார்த்துட்டே இருக்கான்னு காட்டினாரு. 1996ல அவரும் நோயல் கேரலும் சேர்ந்து தொகுத்த புத்தகம் பெரிய சண்டையை கிளப்புச்சு: எல்லாத்தையும் விளக்குற ஒரே மகா தியரி வேணாம், பதில் கண்டுபிடிக்கக்கூடிய அளவான கேள்வி கேப்போம்னாங்க. உதாரணத்துக்கு ஷாட் நீளம். 1930லேர்ந்து 1960 வரை ஹாலிவுட் படத்துல சராசரியா ஒரு ஷாட் 8லேர்ந்து 11 நொடி, 1990கள் முடியும்போது பல படங்கள்ல அது 3லேர்ந்து 6 நொடியா குறைஞ்சிடுச்சுன்னு எண்ணி எண்ணி காட்டினாரு போர்ட்வெல். இது சரியா தப்பான்னு யாரு வேணா உக்காந்து எண்ணிப் பார்க்கலாம், அது தான் இதுல எனக்கு புடிச்சது. ஆனா அரசியலை கேக்கிற வேலையை எண்ணிக்கை செய்யாது, அதுக்கு 68 கூட்டம் எழுப்பின கேள்வி இன்னும் தேவை.

எல்லாம் ஐரோப்பா அமெரிக்கா பேராவே இருக்கே?

சிலபஸோட குறை அது. 1969ல அர்ஜென்டினாவுலேர்ந்து சொலானாஸ், கெட்டினோ ரெண்டு பேரும் மூன்றாம் சினிமான்னு ஒரு அறிக்கை எழுதினாங்க. ஹாலிவுட் முதல் சினிமா, ஆட்டர் சினிமா ரெண்டாவது, ரெண்டுமே அமைப்புக்குள்ள தான் இருக்கு, விடுதலைக்கான சினிமா மூணாவதுன்னு. வெறும் பேச்சு இல்ல, அதுக்கு முந்தின வருஷம் அவங்க முடிச்ச நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுற டாக்குமென்டரியை ராணுவ ஆட்சிக்கு தெரியாம ரகசியமா போட்டுக் காட்டினாங்க, நடுவுல படத்தை நிறுத்தி வந்தவங்க பேசணும், அந்த விவாதமும் படத்தோட பகுதி. போத்ரி சொன்ன அசையாத பார்வையாளருக்கு இதை விட நல்ல பதில் ஒண்ணு இருக்கான்னு தெரியல. க்யூபாவோட கார்சியா எஸ்பினோஸா, பிரேசிலோட க்ளாபர் ரோச்சா, இவங்களையும் சேர்த்துப் படிங்க.

டெல்யூஸ் படிக்கலாமா?

படிக்கலாம், இப்போ வேணாம். ஃப்ரெஞ்சு தத்துவவாதியான அவரு சினிமா பத்தி எழுதி 1983லயும் 1985லயும் வந்த அந்த ரெண்டு புத்தகமும் பெர்க்ஸோன்ங்கிற இன்னொரு தத்துவவாதியோட தத்துவம் தெரிஞ்சவங்களுக்காக எழுதினது, அதுல வர்ற படங்களை பாதியாவது பார்த்துட்டு போங்க.

இப்போ கம்ப்யூட்டர்லயே உருவம் செஞ்சிடுறாங்க. பஸான், ரியலிசம் எல்லாம் காலாவதி தானே? சினிமா ஸ்டடீஸ்ல தியரிக்கு இன்னிக்கு என்ன இடம்?

பஸானோட 1945 கட்டுரையில ஃபோட்டோவுக்கு தனி மதிப்பு எதனாலன்னா, பொருள்மேல பட்ட வெளிச்சமே வந்து பதியுது, நடுவுல மனுஷ கை இல்ல. மேல சொன்ன தொட்ட தடம் இது தான். கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவத்துல அந்த தடம் இல்லைங்கிறது நிஜம், 2001ல லெவ் மனோவிச் அதுனால சினிமா மறுபடி ஓவியம், அனிமேஷன் பக்கம் போயிடுச்சுன்னு வாதாடினாரு.

ஆனா ஒரு விஷயம் பாருங்க. ஆர்சன் வெல்ஸோட 1941 சிட்டிசன் கேன்ல சூசன் விஷம் குடிச்ச சீன், முன்னாடி பெருசா க்ளாஸும் பாட்டிலும், நடுவுல கட்டில்ல அவ மூச்சு வாங்குற சத்தம், கடைசியில கதவு, அதை வெளியிலேர்ந்து இடிக்கிறாங்க. கிட்ட இருக்கிறதும் தூரத்துல இருக்கிறதும் ஒரே நேரத்துல தெளிவா தெரியுற டீப் ஃபோகஸுக்கு பஸான் எடுத்துக்காட்டின புகழ்பெற்ற ஷாட். பின்னாடி வந்த ஆய்வுல தெரிஞ்சது, அது ஒரே தடவையில லென்ஸ் புடிச்சது இல்ல, ஒரு பகுதிக்கு லைட் போட்டு எடுத்து, ஃபிலிமை திருப்பி சுத்தி, மறு பகுதிக்கு லைட் போட்டு அதே ஃபிலிம்ல மறுபடி எடுத்தது. ட்ரிக் ஷாட்! அப்போ பஸான் எழுதினது வீணா? அந்த க்ளாஸுக்கும் கதவுக்கும் நடுவுல நம்ம மனசு தவிக்கிறதை அவரு எழுதினது ஒரு எழுத்து கூட மாறல. தடம் பத்தின வாதம் ஆட்டம் கண்டுச்சு, இடமும் நேரமும் உடையாம இருக்கும்போது நமக்கு என்ன ஆகுதுங்கிற வாதம் நிக்குது. டிஜிட்டல் படத்துல நீளமான ஷாட்டை ஆராயறவங்க இன்னிக்கும் அங்கேர்ந்து தான் தொடங்குறாங்க.

தியரியோட இடம் மாறியிருக்கு, அது உண்மை. 1948ல பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்துல ஃபில்மாலஜிக்கு, அதாவது சினிமா ஆய்வுக்கு ஒரு நிறுவனம், 1959ல அமெரிக்காவுல ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கம், இப்படி சின்னதா இருந்த துறை, 1970கள்ல தியரியோட பலத்துல தான் பல்கலைக்கழகத்துல தனி இடம் வாங்குச்சு. அப்புறம் வரலாறு பக்கம் காத்து அடிச்சுது. 1986ல டாம் கன்னிங், ஆரம்ப கால சினிமா கதை சொல்லத் தெரியாம தடுமாறல, காட்டி வியக்க வைக்கிறது தான் அதோட நோக்கமேன்னு எழுதினாரு, அந்த சினிமாவுக்கு வெச்ச அட்ராக்‌ஷன்ங்கிற பேரை ஐசன்ஸ்டைன் கிட்டேர்ந்தே எடுத்தாரு. லூமியேர் சகோதரர்களோட ஆரம்ப கால படத்துல ரயில் வந்ததும் ஜனங்க அலறி ஓடினாங்கங்கிற கதையையும் அவரு அப்படியே நம்பாம கேள்வி கேட்டாரு. இப்போ உடம்பு, தொடுதல், சத்தம், ரசிகர்கள், கேம்ஸ்னு துறை விரிஞ்சு போச்சு, தியரி தனி பேப்பரா இல்லாம எல்லாத்துக்குள்ளயும் கலந்து கிடக்கு.

தியரி படிச்சதுலேர்ந்து என் ஃப்ரெண்ட் எந்த படத்தையும் ரசிக்க மாட்டேங்கிறான். நானும் அப்படி ஆயிடுவேனா? எதை முதல்ல படிக்கணும்?

உங்க ஃப்ரெண்டு படத்தை பார்க்கிறதுக்கு முன்னாடியே எந்த தியரின்னு முடிவு பண்ணிட்டு உள்ள போறாருன்னு நினைக்கிறேன், அப்படி போனா எல்லா படமும் ஒரே மாதிரி தான் தெரியும். முதல் தடவை ஒண்ணும் யோசிக்காம முழுசா பாருங்க, அழுகை வந்தா அழுங்க. எந்த இடத்துல உங்களுக்கு உள்ள ஏதோ ஆச்சோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்பி வாங்க, ஏன் ஆச்சுன்னு கேளுங்க. அந்த ஏன்ங்கிறதுக்கு உதவுற தியரி எதுவோ அதை எடுத்துக்கோங்க. ரசனை குறையாது, பியானோவும் டெலிஃபோன் பூத்தும் ஒரே நேரத்துல தெரிய ஆரம்பிச்சவங்களுக்கு சினிமா இன்னும் பெருசாத் தான் ஆகும்.

படிக்கிற வரிசைன்னா, பஸானோட கட்டுரைகள் முதல்ல, ஏன்னா அவரு படத்தை விட்டு விலகிப் போகவே மாட்டாரு. அடுத்து ஐசன்ஸ்டைன், அப்போ தான் சண்டை புரியும். அப்புறம் நேரா மல்விக்கு போங்க, சின்ன கட்டுரை தான், கூடவே ஹூக்ஸ். மெட்ஸும் போத்ரியும் அதுக்கப்புறம் மெதுவா. ஒவ்வொண்ணையும் படிக்கும்போது அவங்க சொல்ற படத்தை கையில வெச்சுக்கோங்க, அவங்க வர்ணிக்கிற ஷாட்டை நிறுத்தி பாருங்க, அவங்க எழுதினது அங்க நிஜமாவே இருக்கான்னு சரிபாருங்க. சில இடத்துல இருக்காது, அந்த இடத்தை குறிச்சு வைங்க, உங்க முதல் கட்டுரை அதுவா கூட இருக்கலாம்.